மறைத்த புலமும் வெளியேதான் இருக்கிறது

வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்புக்காக ஜாங்கோவில் (பைதனில் இணையத்தளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) பதிவுப் படிவம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பெயர், பாடம் எல்லாம் பிள்ளைகளே நிரப்பலாம், ஆனால் கட்டணக் கழிவை வகுப்பு எடுக்கும் சேர் மட்டும்தான் போட வேண்டும், அதனால் அந்தப் புலத்துக்கு (ஃபீல்ட்) ஹிடன் இன்புட் விட்ஜெட்டைக் கொடுத்து மறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பிரவுசரில் இன்ஸ்பெக்ட் செய்து பக்கத்தின் குறிமுறையைப் பார்த்தால் புலம் அப்படியே இருக்கிறது. 0 என்றிருந்ததை 100 ஆக்கி அனுப்பிப் பார்த்தேன், சேர்வர் மறுபேச்சில்லாமல் சேமித்துவிட்டது. ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்திருந்தால் சேருக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரி, வழி இதுதான்: பாவனையாளர் தொடக்கூடாத புலத்தைப் படிவத்திலேயே சேர்க்காதீர்கள். படிவத்தில் எந்தெந்தப் புலங்கள் வரும் என்று சொல்லும் மெட்டா கிளாஸின் ஃபீல்ட்ஸ் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டு, படிவத்தைக் கையாளும் வியூவில் கமிட் ஃபால்ஸ் (இன்னும் தரவுத்தளத்தில் எழுதாதே என்று பொருள்) கொடுத்து சேவ் செய்து, மதிப்பை நீங்களே வைத்து, அப்புறம் உண்மையாகச் சேமியுங்கள். வேண்டாத புலங்களை மட்டும் பட்டியலிடும் எக்ஸ்க்ளூட் எனக்குப் பிடிப்பதில்லை. நாளைக்கு மொடலில் (தரவின் அமைப்பைச் சொல்லும் கிளாஸ்) புதிய புலம் சேர்த்தால் அது கேட்காமலே படிவத்தில் வந்து நிற்கும்.

சேர் உள்நுழைந்தால் மட்டும் காட்ட வேண்டுமா? அப்போது புலத்தைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, படிவம் உருவாகும்போது ஓடும் இனிட்டில் யார் வந்திருக்கிறார் என்று பார்த்து, மற்றவர்களுக்கு அந்தப் புலத்தை நீக்கிவிடலாம். பிள்ளைக்குக் கழிவு தெரியவும் வேண்டும், மாற்றவும் கூடாது என்றால் புலத்துக்கு டிசேபிள்ட் ட்ரூ என்ற அமைப்பு இருக்கிறது, ஜாங்கோ 1.9 பதிப்பில் வந்தது. யாராவது மதிப்பை மாற்றி அனுப்பினாலும் ஜாங்கோ ஆரம்ப மதிப்பையே எடுத்துக்கொள்ளும்.