கசடு ஏற்ற வந்த டிராக்டர்

காலை எட்டரைக்கு வரும் தண்ணீருக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் தண்ணீருக்கும் வாடை வேறு. இதை எனக்குச் சொல்லித் தந்தவர், எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பான ஸ்கிரீன் பக்கத்திலேயே இருபது வருடம் வேலை பார்த்த ஆபரேட்டர் அண்ணன். "சோப்பு வாடை வந்துட்டா ஊரு குளிச்சு முடிச்சிருச்சுன்னு அர்த்தம் சார்" என்பார். கம்பியில் மாட்டி மேலே வருவதை வைத்தே கிழமையைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை கழிந்தால் பூச்சரம் கட்டிய நார். தீபாவளிக்கு மறுநாள் கட்டி கட்டியாக எண்ணெய். ஷாம்பு பாக்கெட்டும் தலைமுடியும் எல்லா நாளும்.

ஊரும் ஓர் உடம்பு மாதிரிதான், தின்கிறது, குடிக்கிறது, கழிக்கிறது என்று 1965-இல் கணக்குப் போட்டுக் காட்டினார் ஏபல் வோல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 10 லட்சம் பேர் வாழும் ஒரு கற்பனை நகரம். அதற்குள் தினமும் 2,000 டன் உணவும் 6,25,000 டன் தண்ணீரும் போகின்றன. 5,00,000 டன் சாக்கடையாக வெளியே வருகிறது. அந்த வெளியே வருகிற வாசலில்தான் எனக்கு வேலை.

2019-இல் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஊரே டிவியில் பார்த்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. அந்த ரயில் 18 நடை அடித்தால்தான் ஒன்றுக்கு ஈடாகும். மணலியில் சென்னை பெட்ரோலியமும் உர ஆலையான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும் இதை 1990-களிலேயே தொடங்கிவிட்டன. மாநகரின் கழிவுநீரை வாங்கி, தாங்களே மேலும் சுத்தம் செய்து ஆலைக்குப் பயன்படுத்துகின்றன.

இதில் உர ஆலை விஷயத்தைப் பல ராத்திரி ஷிப்டுகளில் யோசித்திருக்கிறேன். சாக்கடையில், பயிருக்குச் சத்தாகும் அம்மோனியா நிறைய உண்டு. அதையும் மற்ற அழுக்கையும் தின்னும் நுண்ணுயிருக்குக் காற்றுக் கொடுக்கத்தான் நாங்கள் ராப்பகலாக ப்ளோவர் ஓட்டுகிறோம். கரண்ட் பில்லில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அம்மோனியா நீங்கிய தண்ணீர் ஓர் ஆலைக்குப் போகிறது. அந்த ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்து புதிதாக அம்மோனியா செய்து யூரியா ஆக்குகிறது. ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காயோடு கோயம்பேடு மார்க்கெட்டில் வந்து இறங்கிய சத்து ஒட்டன்சத்திரத்துக்குத் திரும்பவில்லை. தண்ணீரைத் திருப்பிவிடக் கற்றுக்கொண்டோம், சரி. மண்ணுக்குச் சேர வேண்டியதை இன்னும் திருப்பித் தரவில்லை. மதுரை அவனியாபுரத்தில் பாதாளச் சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். பாலாக அது ஊருக்குள் திரும்பியது. அதில் சுகாதாரக் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டம் முழுசாக இருந்தது.

எங்களிடம் அந்தச் சத்தில் ஒரு பங்கு, அடியில் படியும் கசடில் தங்கும். காற்றுப் புகாத தொட்டியான டைஜெஸ்டரில் அதைப் புளிக்க வைத்தால் மீத்தேன் வரும், அதில் எஞ்சின் ஓடும், கரண்ட் கிடைக்கும். மிச்சத்தை மணல் படுகையில் காயவைத்தால் கறுப்பாக, பாளம் பாளமாக வெடித்து நிற்கும். திருவள்ளூர் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று வருடம் டிராக்டரோடு வந்து ஏற்றிப்போனார். கையில் ஒரு கட்டியை எடுத்து நொறுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றச் சொல்வார்.

நான்காம் வருடம், ஒரு ஞாயிறு ராத்திரி. காற்றடிக்கும் ஏரேஷன் டேங்கில், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் டி.ஓ. மீட்டர் ஏறிக்கொண்டே போனது. ப்ளோவரில் மாற்றமே இல்லை. காற்றை உள்ளிழுக்க நுண்ணுயிர் இல்லாததால் ஏறுகிறது என்று புரிய எனக்கு அரை மணி நேரம் ஆனது. உள்ளே வந்த தண்ணீர் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. யாரோ முலாம் பூசும் பட்டறைத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து மேன்ஹோலில் கொட்டியிருக்கிறார்கள். வேறொரு நிலையத்திலிருந்து டேங்கரில் நுண்ணுயிர் உள்ள கசடு கொண்டுவந்து, உறை ஊற்றுவது போல ஊற்றி, டேங்கை மீட்க மூன்று வாரம் ஆனது.

டேங்க் பிழைத்துவிட்டது. அந்தப் பருவத்துக் கசடு பிழைக்கவில்லை. லேப் ரிப்போர்ட்டில், முலாம் பூசப் பயன்படும் விஷ உலோகமான குரோமியம் அளவுக்கு மேல். விவசாயி வழக்கம்போல டிராக்டரோடு வந்து நின்றார். போனிலேயே சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை. படுகையில் இறங்கி ஒரு கட்டியை எடுக்கப் போனவரைத் தடுத்தேன்.

"வாடை நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"வாடையில தெரியாதுங்க ஐயா."

கொஞ்ச நேரம் படுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுத்த வருஷமாவது தருவீங்களா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். வெறும் டிராக்டரோடு போனார்.

அன்றிலிருந்து ஆபரேட்டர் அண்ணனும் நானும் வாரம் ஒருமுறை அமிலத்தைக் காட்டும் பி.எச். தாளோடு கிளம்புகிறோம். பட்டறைகள் இருக்கும் தெருக்களாகப் பார்த்து, ஒவ்வொரு மேன்ஹோல் மூடியாகத் திறந்து, கயிற்றில் வாளி விட்டு மொண்டு பார்க்கிறோம். இதுவரை பதினோரு தெரு முடிந்திருக்கிறது.