விண்ணப்பப் படிவத்தின் மூன்றாவது வரி

கொழும்பில் ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் தலைமை அலுவலகத்தில், மனிதவளப் பிரிவில், பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் முதல் வரி முழுப் பெயர், இரண்டாவது தேசிய அடையாள அட்டை இலக்கம், மூன்றாவது நிரந்தர விலாசம். அந்த மூன்றாவது வரியைத் தாண்டி என் கண் போகாத விண்ணப்பங்கள் எத்தனை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு இலக்கம், ஒரு சாய்கோடு, மறுபடியும் ஓர் இலக்கம், அதன் பிறகு ஏதோவொரு ‘வத்த’ என்று விலாசம் எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறார் என்று இந்த நகரம் உடனே தீர்மானித்துவிடும். தமிழில் தோட்டம் என்கிறோம்; செடி கொடி எதுவும் இருக்காது. பொதுக் குழாயும், இரண்டு பேர் எதிரெதிராக நடந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒழுங்கையும், தகரக் கூரைகளும்தான் இருக்கும். அந்தக் குடும்பங்களிற் பல இப்போது தெமட்டகொடைப் பக்கத்துத் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆயினும் அந்தத் தொடர்மாடியின் பெயரே சில ஆண்டுகளில் பழைய தோட்டத்தின் பெயர் செய்த வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது.

ஒரு விண்ணப்பம் மட்டும் என் நினைவில் நிற்கிறது. களஞ்சிய எழுதுவினைஞர் பதவிக்கு வந்தது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தி, கணினிப் பயிற்சிச் சான்றிதழ், நீலப் பேனாவால் இடப்பக்கம் சாய்த்து எழுதிய அழகான கையெழுத்து. விலாசத்தைப் பார்த்தேன், கீழ்த் தட்டில் வைத்தேன். அந்த இடத்துப் பிள்ளைகள் ஒழுங்காக வேலைக்கு வரமாட்டார்கள், பொலிஸ் அறிக்கை கேட்டால் இழுபறிப்படும் என்று எனக்கு முன் இருந்தவர் சொல்லித் தந்த பாடத்தைச் சரியா பிழையா என்று பாராமல் கடைப்பிடித்தேன். நான்கு மாதங்களின் பின் அதே சாய்ந்த கையெழுத்தில், வத்தளை விலாசத்தோடு, இன்னொரு விண்ணப்பம் வந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தேன். கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் வேறு விலாசம் இருக்கிறதே என்று கேட்டபோது அந்தப் பையன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “அது அத்தை வீட்டு விலாசம், மிஸ். என்னுடையதை எழுதினால் கூப்பிட மாட்டீர்கள்” என்றான். அவனுக்கு வேலை கொடுத்தோம். நான் முதலில் செய்ததை அவனிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

எங்களிடம் உடை வாங்கும் ஐரோப்பிய நிறுவனமொன்று, ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டாமை பற்றிய இணையவழிப் பயிற்சியொன்றை எங்கள் பிரிவு முழுவதும் முடிக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்திருக்காவிட்டால், பிறர் ஜிப்சிகள் என்றழைக்கும் ரோமா மக்களைப் பற்றி நான் ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டேன். அந்தப் பயிற்சியில் எடுத்துக்காட்டாக வந்தது, நகர எல்லையிலுள்ள ரோமா குடியிருப்பொன்றின் விலாசத்தை எழுதியதனால் நிராகரிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் கதை. சரியான விடையைத் தெரிவு செய்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஆனால் அன்றிரவு வீட்டில் கணினியைத் திறந்து மேலும் படிக்க ஆரம்பித்தேன்.

ரோமாக்கள் ஐரோப்பாவின் மிகப் பெரிய சிறுபான்மையினர். கண்டம் முழுவதும் 1 கோடி முதல் 1 கோடி 20 இலட்சம் பேர் வரை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதற்கு அவர்களுடைய மொழியே பெரிய சான்று. ரோமானி மொழியில் தண்ணீருக்குப் பானி, மனிதனுக்கு மனுஷ், காதுக்குக் கன். இதை என் பக்கத்து மேசைச் சிங்களத் தோழியிடம் சொன்னபோது, காதுக்குத் தங்கள் மொழியிலும் ‘கண’ தானே என்று அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். ஒன்று முதல் ஆறு வரைக்கும் பத்துக்கும் இந்தியச் சொற்கள்; ஏழு, எட்டு, ஒன்பதுக்கு மட்டும் கிரேக்கச் சொற்கள். அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்பதை அவர்களுடைய எண்களே சொல்லிவிடுகின்றன. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று பிழையாக எண்ணியதால் பிறந்ததுதான் ஜிப்சி என்ற பெயர். அவர்களிற் பலர் அதை வசையாகவே கருதுகின்றனர்.

அவர்களிற் பலர் ஏன் வேலையற்றிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, அலைந்து திரியும் இனம், உழைக்க விரும்பாதவர்கள் என்ற பதில் ஐரோப்பாவில் இன்றும் எளிதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர்களிற் பெரும்பாலோர் பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் வாழ்பவர்கள். இன்றைய ருமேனியாவாகிய வலாக்கியாவிலும் மொல்டாவியாவிலும் அவர்கள் அடிமைகளாக இருந்தனர். 1850களின் நடுப்பகுதியில்தான் அந்த அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் நாசிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் கொன்ற ரோமாக்களின் தொகை 2 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை என்று மதிப்பிடுகின்றனர். 1944 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவில் மட்டும் ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனாவில் எஞ்சியிருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும், கொல்லப்பட்டனர். போருக்குப் பின் வந்த சோஷலிச அரசுகள் அவர்களைத் தொழிற்சாலைகளுக்கும் கூட்டுப் பண்ணைகளுக்கும் கொண்டுபோயின. கிடைத்தவை பெரும்பாலும் பயிற்சி தேவைப்படாத வேலைகள். கொல்லர் வேலை, குதிரை வணிகம் போன்ற பழைய தொழில்களும் இதற்கிடையே அருகிப்போயின. 1989இல் அந்த அரசுகள் சரிந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது, முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களே. மூன்று தலைமுறைக்கு முன்பு வேலைக்குப் போன குடும்பத்தின் பேரனைப் பார்த்து, உன் இனத்துக்கு உழைக்கத் தெரியாது என்கிறார்கள்.

பாடசாலையின் பங்கு இதைவிட மோசம். செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கென்று இருந்த சிறப்புப் பாடசாலைகளில், ரோமாப் பிள்ளைகள் பாதிக்கும் மேற்பட்டவர்களாக இருந்தனர்; நகரத்தின் மொத்த மாணவர் தொகையில் அவர்கள் மிகச் சிறு பகுதியினரே. பதினெட்டுப் பிள்ளைகள் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் எனப்படும் பெரிய அமர்வு 2007 நவம்பர் 13ஆம் திகதி இது பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. யாரும் ரோமா என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கவில்லை. அந்தப் பாடசாலைகளில் சேர்ப்பதா என்று பார்ப்பதற்காகப் பரிசோதிக்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அறிவுத்திறன் சோதனைதான் வைக்கப்பட்டது. அந்தச் சோதனை யாருக்காக ஆக்கப்பட்டது என்பதில்தான் அநீதி இருந்தது. அத்தகைய பாடசாலையிலிருந்து வெளியேறிய பிள்ளைக்குப் பதினைந்து வயதிலேயே பல தொழில்களின் கதவு அடைபட்டுவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகவரகம் 2021இல் நடத்திய ஆய்வில், 20 முதல் 64 வயது வரையான ரோமாக்களில் 43 வீதத்தினரே ஊதிய வேலையில் இருந்தனர். ஒன்றியத்தின் பொதுச் சராசரி 72 வீதம். ரோமாப் பெண்களை மட்டும் எடுத்தால் 28 வீதம். வேலையிலுள்ள ரோமாக்களின் பங்கை 2030க்குள் குறைந்தது 60 வீதமாக்குவது 2020இல் ஒன்றியம் வகுத்த திட்டத்தின் இலக்கு.

இலக்கை எட்டும் வழி பற்றித்தான் எனக்கு ஐயம். ஹங்கேரி 2011 முதல் பொதுப்பணித் திட்டமொன்றைப் பெரிதாக விரித்தது. உச்சக் கட்டத்தில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர், ரோமாக்கள் கணிசமான தொகையினர். தெரு கூட்டுதல், வாய்க்கால் துப்புரவு செய்தல், புல் வெட்டுதல். சம்பளமோ சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவு. அதிலிருந்து வெளிச் சந்தையின் வேலைக்குப் போனவர்கள் சிலரே. புள்ளிவிபரத்தில் இவர்களும் வேலை செய்பவர்களே. இதைப் படித்தபோது ஐரோப்பா எனக்குத் தூரமாகத் தெரியவில்லை. பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து துப்புரவு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கொழும்பில் விடியுமுன் விளக்குமாற்றோடு தெருவில் நிற்கிறார்கள். அப்பாவுக்குப் பின் மகன், அம்மாவுக்குப் பின் மருமகள். வேலை இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அந்த வேலையைத் தவிர வேறொன்று இல்லையென்பதே குறை.

ஸ்பெயினில் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். ‘அக்செதெர்’ என்ற திட்டம் 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. நடத்துவது ஃபுந்தாசியோன் செக்ரெத்தாரியாதோ கித்தானோ என்ற அமைப்பு, பணத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய சமூக நிதியத்தினுடையது. வேலை தேடி வருபவருக்கு ஆலோசகர் ஒருவர் இருக்கிறார்; அவர் அந்த ஆளோடு உட்கார்ந்து, எது தெரியும், எது வேண்டும், வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பார் என்பது வரை பேசுகிறார். இன்னொருவர் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் நேரே போய் முதலாளிகளைச் சந்திக்கிறார். பயிற்சியின் ஒரு பகுதி வேலைத் தலத்திலேயே நடக்கிறது. ஊழியர்களிற் பலர் ரோமாக்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த இரண்டாவது ஆள்தான். எங்கள் நாட்டில் தொழிற்பயிற்சி என்றால் தையல், சிகை அலங்காரம், கணினி என்று வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்து, புகைப்படம் எடுத்து முடித்துவிடுவோம். சான்றிதழ் வந்து சேரும் மேசையில் இருப்பவரிடம், அதாவது என்னைப் போன்றவரிடம், யாரும் பேசுவதில்லை. நான்கு மாத இடைவெளியில் வந்த அந்த இரண்டு விண்ணப்பங்களிலும் தகைமை ஒன்றே.

சட்டமும் இங்கே துணைக்கு வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000ஆம் ஆண்டின் இனச் சமத்துவப் பணிப்புரை தனியார் தொழில்தருநரையும் கட்டுப்படுத்துகிறது. அங்கே அது போதிய அளவு வேலை செய்கிறதா என்பது வேறு விடயம். எங்கள் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் மனு நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராகவே போட முடியும். கடைக்குள்ளும் உணவு விடுதிக்குள்ளும் நுழைவதைத் தடுக்கக் கூடாதென்று அதே உறுப்புரையில் தனியாக எழுதியவர்கள், தனியார் அலுவலகத்துக்குள் வேலைக்கு நுழைவதைப் பற்றி எழுதவில்லை. ஆகவே நான் கீழ்த் தட்டில் வைத்த விண்ணப்பத்துக்காக என்னை எந்த நீதிமன்றத்துக்கும் அழைக்க முடியாது.

இங்கே ஜிப்சி என்றவுடன் பலருக்கும் காலிமுகத்திடலில் கைரேகை பார்க்கும் பெண்களும் பாம்புக் கூடையோடு வரும் ஆண்களும் நினைவுக்கு வருவார்கள். சிங்களத்தில் அஹிகுண்டிக்க என்றும் கிழக்கில் வனக்குறவர் என்றும் அழைக்கப்படும் அவர்கள் தெலுங்கு பேசுபவர்கள். ரோமாக்களோடு மொழி உறவு கிடையாது. ஆனாலும் நிலைமையில் ஓர் ஒற்றுமை உண்டு. கூடாரத்தோடு அலைந்த காலத்தில், நிலையான விலாசம் இல்லாதவர்கள் என்று அவர்களை நம்பவில்லை. அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பையிலும் தம்புத்தேகமைக்கு அருகே குடாகமவிலும் குடியேறிய பின், விலாசம் இருக்கிறது. இப்போது அந்த ஊர்ப் பெயரே அவர்களை இன்னாரென்று காட்டிக்கொடுக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் படிவத்தை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாவது முறை ஐரோப்பிய வாடிக்கையாளரின் நிபந்தனையைச் சுட்டிக்காட்டியதும் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. இப்போது விலாசம் முதற் பக்கத்தில் இல்லை. தெரிவு செய்யப்பட்டவர் மட்டும் நியமனக் கடிதத்தோடு நிரப்பும் தனித்தாளில் இருக்கிறது. அதன் பின் அந்தத் தொடர்மாடியிலிருந்து இருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தாள்களைக் கோப்பில் இடும்போதுதான் தெரிந்துகொண்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க இரவு எட்டு மணியாகும்போது அலுவலக வேன் எல்லோரையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடும். சாரதி வரிசையாக இடங்களைக் கேட்பார். களஞ்சியத்துப் பையன் இன்றும் பின் ஆசனத்திலிருந்து, “பொரளைச் சந்தியில் இறக்கிவிட்டால் போதும், அண்ணா” என்றுதான் சொல்கிறான்.