கட்டில்களை எண்ணிய கதை

எங்கள் தெருக்கோடியில் இருந்த காலி மனையின் வேலியில் ஒரு நாள் அறிவிப்புத் தாள் ஒன்று தொங்கியது. மழையில் பாதி எழுத்து கரைந்துபோயிருந்தது. மாணவர்களுக்கான ஆறு மாடிக் குடியிருப்பு, 150 வீடுகள், ஆட்சேபம் இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுதித் தரலாம் என்ற வரைக்கும் படிக்க முடிந்தது. சுற்றுவட்டாரத்தில் இரண்டு மாடிக்கு மேல் ஒரு வீடும் கிடையாது.

அன்று மாலையே கூடிவிட்டோம். பேச்செல்லாம் ராத்திரிக் கூச்சல், வண்டிச் சத்தம், வயசுப் பிள்ளைகளின் அட்டகாசம் என்றுதான் போனது. நானும் சேர்ந்துதான் கத்தினேன். ஒரே கடிதத்தை நகலெடுத்து இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

திட்ட அலுவலகத்தில் அதை வாங்கிய அம்மா இரண்டு தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "சார், இது இருநூறு ஆட்சேபம் இல்லை. ஒரே ஆட்சேபம், இருநூறு கையெழுத்து. அதுவும் மாணவர்கள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் குடிவரப் போகிறார்கள் என்பதை வைத்து நாங்கள் மறுக்க முடியாது. சாக்கடை, ரோடு, உயரம், தீயணைப்பு வண்டி, இதில் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் மொத்த அலைச்சலிலும் உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

குழுவில் ஒருவர் விடவில்லை. அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்ற சின்னக் கிராமம், உறவுமுறை இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் சேர்ந்து வாழக் கூடாது என்று விதி வைத்திருந்தது. ஆறு கல்லூரி மாணவர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1974இல் கிராமமே ஜெயித்தது. சரி, அந்த ஊரில் விதி முன்பே இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. சத்தத்தைக் காரணமாகச் சொல்வதும் நிலைக்காது என்பதற்குக் கலிபோர்னியாவே சாட்சி. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் குடியிருப்புத் திட்டத்தில், மாணவர்கள் போடும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கணக்கிட வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

அப்புறம்தான் கோப்பைப் பார்க்க அனுமதி கேட்டு, வரைபடத்தை மேசையில் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு படுக்கையறை. ஒரு அறை மட்டும் கொஞ்சம் பெரிசு. அதில் இரண்டு கட்டில் வரைந்திருந்தார்கள். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். வீட்டுக்கு ஐந்து கட்டில், 150 வீட்டுக்கு 750. ஆனால் தண்ணீர்க் கணக்குப் போட்ட பக்கத்தில் வீட்டுக்கு மூன்று பேர், மொத்தம் 450 என்று இருந்தது. முந்நூறு பேர் காணாமல் போயிருந்தார்கள்! வாடகை மட்டும் கட்டில் கணக்கில் வாங்கப் போகிறார்கள்.

இதில் திருட்டுத்தனம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. வழக்கமான குடும்பக் குடியிருப்புக்கான படிவத்தையே நிரப்பியிருக்கலாம். எப்படியானாலும், ஒருவர் செலவழிக்கும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் சாக்கடைக்குத்தான் போகும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது சராசரியைப் போல மூன்று மடங்கு வரை குழாயில் பாயலாம். எங்கள் தெரு ஆள்நுழைவுக் குழியின் மூடி கனமழைக்கே தூக்கிக்கொள்ளும். அந்தப் படங்களை நாளோடு சேர்த்துக் கோத்தோம்.

போக்குவரத்து ஆய்வைப் பார்த்தால், வண்டிகளை எண்ணிய வாரத்தில் கல்லூரிக்கு விடுமுறை. கல்லூரி திறந்த பிறகு நாங்களே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முனையில் நின்று எண்ணினோம். பக்கத்து வீட்டு அண்ணன் இரவு பதினொன்று வரை நின்றார். பாதி நேரம் கொசுவைத்தான் எண்ணியிருப்பார்.

விசாரணை நாளில் ஒருவருக்கு மூன்று நிமிடம். ஆளுக்கு ஒரு விஷயம் என்று பிரித்துக்கொண்டோம். எங்களுக்கு நடுவில் ஒரு கல்லூரிப் பெண்ணும் பேசினாள். ஒரு அறையில் நான்கு பேர் இருப்பதாகவும், தினமும் இரண்டு பஸ் மாறி வருவதாகவும் சொன்னாள். "எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டபோது அவள் பார்த்தது எங்கள் வரிசையை. அடுத்தது என் முறை. மணி அடிப்பதற்கு முன்பே முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

திட்டம் நிற்கவில்லை. ஆறு மாடி நான்கானது. தெருப்பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொன்னார்கள். ஆள் எண்ணிக்கையைக் கட்டில் கணக்கில் திருத்தி, குடிவருவதற்கு முன் சாக்கடைக் குழாயைக் கட்டுபவரே தன் செலவில் பெரிதாக மாற்றித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வாகன நிறுத்தம் பற்றி நாங்கள் கேட்டது எதுவும் நடக்கவில்லை.

குழாய் மாற்ற எங்கள் தெருவை நான்கு மாதம் தோண்டிப் போட்டார்கள். முதல் கையெழுத்துப் போட்ட எதிர்வீட்டுக்காரர் தினமும் பலகை மேல் நடந்து வந்து, "இதெல்லாம் உங்களால் வந்த வினை" என்று என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்.