நோக்கம்: வானொலி

“நல்லா நடக்குதா தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நடக்குதும்மா. ஜெபிச்சுக்கோங்க” என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். 2006 ஜனவரி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமம், விளக்கு வைக்கிற நேரம். இருபது வருடமாகியும் அந்த ஒரு பதிலை என்னால் கீழே வைக்க முடியவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு எங்கள் கிறிஸ்தவ ஊழியத்தின் வானொலி ஒலிபரப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. வாரத்தில் மூன்று சாயங்காலம், பதினைந்து நிமிடம். ஆனால் மார்ச் கடைசி ஞாயிறோடு அது நிற்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி நிலையங்கள் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அட்டவணையை மாற்றும். வெளிநாட்டு நிலையத்தோடு எங்கள் ஒப்பந்தமும் அந்தக் கணக்கில்தான் ஓடியது. இந்தத் தடவை புதுப்பிப்பதில்லை என்று டிசம்பரில் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. முறைப்படி கடிதம் போகும்வரை வெளியே பேச வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் நேயர் தொடர்பில் இருந்தவன். கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, தபால் வழி வேதபாடம் அனுப்புவது, காணிக்கைக்கு ரசீது போடுவது, இவைதான் என் வேலை.

அந்த அம்மாவை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய மணியார்டர் எனக்குப் பழக்கம். மாதாமாதம் நாற்பது ரூபாய். கமிஷன் இரண்டு ரூபாய் சேர்த்தால் அவருக்கு நாற்பத்திரண்டு. மணியார்டரோடு வரும், செய்தி எழுதும் கூப்பனில் பேரப்பிள்ளையின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும்: ‘வானொலிக்கு’. ரசீதில் ‘நோக்கம்’ என்று ஒரு கோடு உண்டு. அதில் நான் ‘வானொலி’ என்று எழுதுவேன். ஐந்து வருடமாக இப்படியே போனது.

நேயர் சந்திப்பு முடிந்து, வர முடியாதவர்களை வீட்டில் பார்க்கப் போனபோது அவர் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இலையைத் தட்டிவிட்டு எழுந்தார். கடுங்காப்பி கொடுத்தார். உள்ளே அலமாரியில் ரேடியோ இருந்தது, மேலே குரோசா பின்னிய துணி போட்டு. நான் பேச்சுக்கு, “நம்ம நிகழ்ச்சி தெளிவா எடுக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“அது ஓடி ரெண்டு வருசமாச்சு தம்பி. மருமவன் கழட்டிப் பாத்தான், சரியா வரல.”

“அப்புறம் ஏம்மா மாசா மாசம் அனுப்புறீங்க?”

“எனக்குக் கேக்கலன்னா என்ன, வேற எவளுக்காவது கேக்கும்லா.”

இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் கேட்டார், நல்லா நடக்குதா தம்பி என்று.

வானொலி ஊழியத்தில் இருப்பவர்களுக்கு அவர் சொன்ன அந்த வார்த்தையின் கனம் தெரியும். கேட்பவரின் முகம் தெரியாமல் பேசுவதுதான் இந்த ஊழியமே. 1931 கிறிஸ்துமஸ் நாளில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் எச்.சி.ஜே.பி. என்ற கிறிஸ்தவ வானொலி நிலையம் தொடங்கியபோது அந்த ஊரில் ரேடியோ வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் இயக்குநர் காலை ஜெபத்தில் அடிக்கடி அந்தக் கதையைச் சொல்வார். பெட்டியே இல்லாத ஊரில் முதலில் குரலைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்பார். இங்கே எங்கள் நிலைமையும் அதற்குப் பக்கத்தில்தான். சொந்தமாகச் சிற்றலை நிலையம் வைக்க இந்த நாட்டில் தனியாருக்கு அனுமதி கிடையாது. சென்னையில் பதிவுசெய்த குரல் நாடாவில் கடல் தாண்டிப் போய், அங்கிருந்து சாயங்காலத்தில் வானம் வழியாக ஆலங்குளத்துக்குத் திரும்பி வந்தது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி கடிதம். அந்தக் கடிதங்களும் குறைந்துகொண்டே வந்தன. 2003-ல் சேஷெல்ஸ் தீவிலிருந்து வந்த ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலியின் சிற்றலை நின்றபோதே எங்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைத்தது. சாயங்கால நேரத்தைக் கேபிள் டிவி எடுத்துக்கொண்டுவிட்டது. நிறுத்துவது என்ற முடிவில் தப்பு இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆளில்லாத நேரத்துக்குக் காணிக்கைப் பணத்தைக் கொட்டுவதுதான் தப்பாக இருந்திருக்கும்.

அப்படியானால் அதை அவரிடம் சொல்லியிருக்கலாமே.

என்னென்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று பல ராத்திரி ஒத்திகை பார்த்திருக்கிறேன். “மார்ச்சோட நிக்குதும்மா.” இது உண்மை. ஆனால் சொல்லக்கூடாது என்று வாங்கிய கட்டளையை மீறுவது. “இந்த மாசம் அனுப்பாம இருங்கம்மா, நான் கடிதம் போடுறேன்.” இது பரவாயில்லை, ஆனால் அவர் ஏன் என்று கேட்டிருப்பார். “அந்தக் காசுல முதல்ல ரேடியோவைச் சரிபண்ணுங்கம்மா.” நிற்கப்போகிற ஒலிபரப்பைக் கேட்க ரேடியோவைப் பழுதுபார்க்கச் சொல்வது அதைவிடப் பெரிய பொய். சும்மா இருந்திருக்கலாம். காப்பி நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லப்போனால் எனக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஊழியத்தில் இருக்கும் எங்களுக்கு ‘ஜெபிச்சுக்கோங்க’ என்பது நாக்கில் தயாராக இருக்கும் சொல். அதைச் சொன்னால் பேச்சு அங்கே முடிந்துவிடும். அந்த அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தார். ஒலிபரப்புக் கருவிகளுக்காக, மின்சாரத்துக்காக, எங்கள் குரல்வளைக்காக. நானும் தலை குனிந்து ஆமென் சொன்னேன்.

கிளம்பும்போது அந்த மாதத்து நாற்பதைக் கையிலேயே கொடுத்தார். இனி தபாலாபீசுக்கு நடக்க வேண்டாமே என்றார். அங்கேயே, பையிலிருந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து, நோக்கம்: வானொலி என்று எழுதிக் கொடுத்தேன்.

வாங்காமல் இருந்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். 1903-ல் வேதநாயகம் அசரியாவும் மற்றவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்றுதான் தொடங்கினார்கள். அந்தப் பணம் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்குப் போனது. கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் தோர்ணக்கலைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைத்த பெண்களின் பேத்திகள் இவர்கள். அங்கே ஒருவருடைய காணிக்கையைத் திருப்பிக் கொடுப்பது, நீ இதற்குத் தகுதியில்லை என்று சொல்வது போல. அவர் மனசு உடைந்துபோகும்.

இதை நான் உண்மையாகவே நம்புகிறேன். அதே சமயம், எனக்குச் சௌகரியமான இடத்தில் இந்த நியாயம் ஏன் இவ்வளவு சரளமாக வருகிறது என்றும் யோசிக்கிறேன்.

இதைவிட மோசமாக ஒன்றைச் செய்தேன். சென்னைக்குத் திரும்பியதும் பிப்ரவரி ஜெபக் கடிதத்துக்கு அவரைப் பற்றி எழுதினேன். பெயர், ஊர் எதுவும் போடவில்லை. ‘பீடி சுற்றும் ஒரு தாயார்’ என்று மட்டும் போட்டு, ‘வேற எவளுக்காவது கேக்கும்லா’ என்று அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினேன். மாற்கு 12-ஆம் அதிகாரத்தின் ஏழை விதவையையும் அவருடைய இரண்டு காசையும் கூடவே வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. மனசு நிறைந்துபோய்தான் எழுதினேன். எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த மாதம் வழக்கத்தைவிட நிறையக் காணிக்கை வந்தது. வந்த பணத்தில் கடைசிக் காலாண்டுக்கான பாக்கியைக் கட்டினோம். சம்பளமும் அதில்தான் வந்தது, என்னுடையதும் சேர்த்து. ஒரு பைசா வீண் போகவில்லை, கணக்கு சுத்தம், ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஏழை விதவையின் காணிக்கையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், நானே இரண்டு மூன்று செய்திருக்கிறேன். எல்லாம் 41-ஆம் வசனத்தில் தொடங்கும், இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்தார் என்று. அதற்கு முந்தின வசனத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றிய வசனம் அது. அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் அந்த ஆலயத்துப் பெட்டியில் போடுகிறாள். அடுத்த அதிகாரம் தொடங்கும்போது சீஷர்களில் ஒருவன் ஆலயத்தின் கல்லழகைக் காட்டுகிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இது இடிக்கப்படும் என்கிறார் அவர்.

ஆக, அவள் காசு போட்ட ஆலயம் இடியப் போகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவளைக் கூப்பிட்டு, அம்மா, போடாதே என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கொடுத்தது பெரிது என்று சீஷர்களிடம்தான் சொன்னார்.

இந்த மூன்றையும் சேர்த்து வாசித்த நாள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நிற்கப் போகிற ஒன்றுக்குக் கொடுத்ததாலேயே ஒரு காணிக்கை வீணாகிவிடாது, கொடுத்தவளின் மனசைத்தான் அவர் அளந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆறுதல் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. அவர் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பெட்டி அவருடையது இல்லை. அந்தக் காசிலிருந்து அவர் சம்பளம் வாங்கவில்லை. அவள் அவரிடம் வந்து, நல்லா நடக்குதா என்று கேட்கவும் இல்லை. நான் அந்தக் காட்சியில் எந்தப் பக்கம் நின்றேன் என்று பார்த்தால், 40-ஆம் வசனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அப்படியும் முழுக்கச் சொல்ல முடியவில்லை. நாற்பது ரூபாயில் யாரும் வீடு கட்டவில்லை. எங்கள் எல்லாருக்குமே அரைச் சம்பளம்தான். ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து, தற்கொலை செய்யப்போவதாக எழுதிய ஒரு பையனுக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன், அவன் பிழைத்து மறுபடி எழுதியிருக்கிறான். அந்தத் தபால்தலை இந்த மாதிரி நாற்பது ரூபாயில் வாங்கியதுதான். அந்த அம்மாவிடம் இதையாவது சொல்லியிருக்கலாம். கேட்டது ஒரு பையன்தான், ஆனாலும் கேட்டது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரலில் எல்லாருக்கும் ஒரே அச்சுக் கடிதம் போனது. ஊழியம் புதிய வழிகளில் தொடர்கிறது, குறுந்தகடுகள் வருகின்றன, வேதபாடம் தொடரும் என்று நல்ல வார்த்தைகளில். சிற்றலை நின்றுவிட்டது என்ற செய்தி இரண்டாம் பத்தியில் பாதி வரியாக இருந்தது. கடிதத்தை வடிவமைத்தது நான்தான். அந்தப் பாதி வரியை மேலே கொண்டுவரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். ஒரு தடவைதான் கேட்டேன்.

மே மாதம் அவருடைய மணியார்டர் வந்தது. கூப்பனில் ‘வானொலிக்கு’. பேரப்பிள்ளை அந்தப் பாதி வரியை வாசித்துக் காட்டவில்லை என்று புரிந்தது. அன்று சாயங்காலம் யாரிடமும் கேட்காமல் கையால் ஒரு கடிதம் எழுதினேன். பெரிய எழுத்தில், சுருக்கமாக. அம்மா, வானொலி மார்ச்சிலேயே நின்றுவிட்டது. நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும். உங்கள் பணம் இப்போது தபால் பாடத்துக்குப் போகிறது. உங்களுக்கு மனமில்லையென்றால் நிறுத்திவிடலாம், கர்த்தர் ஒன்றும் நினைக்கமாட்டார். இவ்வளவுதான். ‘கர்த்தர் ஒன்றும் நினைக்கமாட்டார்’ என்று எழுத எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று தெரியவில்லை.

பதில் வரவில்லை. ஜூனில் மணியார்டர் மட்டும் வந்தது. நாற்பது ரூபாய், அதே முத்திரை, அதே கையெழுத்தில் முகவரி. கூப்பனில் எழுதும் இடம் காலியாக இருந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அப்படியே வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

ஜூன் மாதம் ரசீதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் விட்ட அந்த இடம் கோபமா, நம்பிக்கையா, வெறுமனே பையனின் அவசரமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேசையில் இன்னும் பதினாறு மணியார்டர் இருந்தது. நோக்கம் என்ற கோட்டில் ‘பொது’ என்று எழுதி, கிழித்து, உறையில் போட்டேன்.