மூலக்கூற்றுக் கொத்துகளின் கருவாக்கம்: நிரலுக்கு முன் கைக்கணக்கு

நீராவியிலிருந்து துளி பிறப்பதை, அதாவது கருவாக்கத்தை, கணினியில் மாதிரியாக்குவதே என் முதுநிலை ஆய்வேட்டின் பொருள். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள், பெரிய உருவகப்படுத்தல் மென்பொருள்களைத் தொடுவதற்கு முன், இயற்பியலாளர்கள் பெக்கரும் டோரிங்கும் 1935-இல் அமைத்த கருவாக்கச் சமன்பாடுகளுக்குத் தாங்களே ஒரு சிறு நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

அச்சமன்பாடுகளில், மூலக்கூறுகள் ஒட்டிச் சேர்ந்த ஒரு கொத்து ஒவ்வொரு படியிலும் ஒரேயொரு மூலக்கூற்றைத்தான் ஏற்கிறது அல்லது இழக்கிறது. ஏற்கும் வேகத்தை வாயுக்களின் இயக்கவியற் கொள்கை தந்துவிடும். இழக்கும் வேகம் எங்கிருந்து வருகிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட்டபோது நான் தடுமாறினேன். நிரலில் அந்த வரி இருந்தும் அதன் காரணத்தை ஒருமுறைகூடத் தாளில் வருவித்துப் பார்த்ததில்லை. சமநிலையில் ஒவ்வொரு படியிலும் வளர்ச்சியும் சிதைவும் ஈடாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்தே அது பெறப்படுகிறது. ஆகவே கொத்தின் கட்டிலா ஆற்றலில் (அது உருவாகத் தேவைப்படும் ஆற்றலில்) நேரும் பிழை அப்படியே அவ்வேகத்தில் அடுக்குக்குறியாக ஏறிவிடும்.

அப்பிழையின் விளைவு எவ்வளவு பெரிது என்பதைக் கையால் கணக்கிட்டே உணர முடியும். வெப்பநிலை 300 கெல்வின், மீதெவிட்டல் விகிதம் (ஆவியின் அழுத்தம் தெவிட்டிய ஆவியின் அழுத்தத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 4, பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன், ஒரு நீர் மூலக்கூற்றின் பருமன் 0.03 கன நானோமீட்டர் என்று கொள்ளுங்கள். மாறுநிலை ஆரம், அதாவது எதைத் தாண்டினால் கொத்து சிதைவதைவிட வளர்வதே மேலோங்குமோ அந்த ஆரம், 0.75 நானோமீட்டராகவும், அந்த அளவுக் கொத்திலுள்ள மூலக்கூறுகள் சுமார் 60 ஆகவும், போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி வரும் வெப்ப ஆற்றலை அலகாகக் கொண்டால் அந்த அளவை எட்டக் கொத்து ஏற வேண்டிய ஆற்றல் தடையின் உயரம் 41 ஆகவும் வரும். தடை இழுவிசையின் மும்மடியைச் சார்ந்திருப்பதால், இழுவிசையை 10 விழுக்காடு கூட்டினாலே அது 55 ஆகி, கருவாக்க வேகம் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெறும் 60 மூலக்கூறுகளுக்குத் தட்டையான நீர்ப்பரப்பின் இழுவிசையைப் பொருத்துவது எத்தகைய துணிச்சலான எடுகோள் என்பது எனக்கு இந்தக் கணக்கில்தான் உறைத்தது.

இன்னொரு பிழையும் செய்தேன். மாறுநிலையை எட்டிய கொத்து இனித் திரும்பாது என்று நம்பி, நிரலில் கொத்தின் உச்ச அளவை அங்கேயே நிறுத்தியிருந்தேன்; கிடைத்த வேகம் இருக்க வேண்டியதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. தடையின் உச்சியில் நிற்கும் கொத்து வளரவும் சிதையவும் ஏறக்குறைய சம வாய்ப்புடையது. உச்சியைத் தாண்டி ஆற்றல் சில வெப்ப ஆற்றல் அலகுகள் இறங்கும்வரை அளவை நீட்டியபோது விடை சீரானது.

ஒவ்வொரு மூலக்கூற்றின் அசைவையும் கணக்கிடும் மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தலுக்குச் செல்லும்போது, எந்த மூலக்கூறு கொத்தைச் சேர்ந்தது என்பதை நீங்களே வரையறுக்க வேண்டியிருக்கும். குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவை ஒரே கொத்து என்ற ஸ்டில்லிஞ்சரின் 1963 அளவுகோல் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அந்தத் தூரத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். ஆயத்தக் கொத்தை ஆவியில் இட்டு வளர்க்கும் வித்திடல் முறையில், தடையின் உயரம் மூலக்கூறு எண்ணிக்கையை மீதெவிட்டலின் இயல் மடக்கையில் பாதியால் பெருக்கிப் பெறப்படுகிறது. தூரத்தை மாற்றியதால் எண்ணிக்கை 60-இலிருந்து 70 ஆனால் தடையும் 41-இலிருந்து 48 ஆகிவிடும்.