போர்வெல் போடறதுக்கு முன்னாடி நான் டேட்டா பாத்த கதை

தர்மபுரி பக்கம் எங்க நிலத்துல போர் போடலாம்னு பேச்சு வந்ததும் மாமா தேங்காய் வச்சு நீரோட்டம் பாக்கறவர கூட்டிட்டு வந்துட்டாரு, நான் ஒரு ஓரமா போன்ல இந்தியா-வ்ரிஸ்ங்கற மத்திய அரசோட நீர்வள டேட்டா சைட்ட தொறந்து வச்சுகிட்டு நின்னேன். மத்திய நிலத்தடி நீர் வாரியம் அளக்குற கிணறுங்க அதுல மேப்ல புள்ளி புள்ளியா வரும், யாரு வேணா பாக்கலாம். போன்ல மேப் சுத்திகிட்டே இருந்துச்சு, அப்புறம் லேப்டாப்லதான் வேலை ஆச்சு.

கிட்ட இருந்த புள்ளில நவம்பர்ல தண்ணி 6 மீட்டர் ஆழத்துலன்னு இருந்துச்சு. 20 அடிதானேன்னு ஒரே சந்தோஷம். ஆனா பக்கத்து தோட்டத்துல 700 அடி ஓட்டியும் புழுதிதான் பறந்துச்சு, அது எப்படின்னு ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. கடைசில பாத்தா அந்தப் புள்ளி ஒரு தொறந்த கெணறு, மொத்த ஆழமே 12 மீட்டர். அது மேல்மண்ணுலயும் உதிர்பாறைலயும் நிக்கிற தண்ணி, நம்ம போர் தேடறது அடில பாறை வெடிப்புல ஓடறத. அதுக்கு பீசோமீட்டர்னு, அதாவது ஆழத்துத் தண்ணி மட்டத்த அளக்கப் போட்ட குழாய்க் கெணறுன்னு, குறிச்ச புள்ளியத்தான் பாக்கணும். அதோட வாரியத்து ஆளுங்க கையால அளக்கறது வருஷத்துக்கு 4 தடவைதான், மழை முடிஞ்ச நவம்பர மட்டும் நம்புனா ஏமாந்துருவோம், கோடை நம்பரையும் பத்து வருஷத்துக்கு எடுத்து எக்செல்ல போட்டேன், தண்ணி மட்டக் கோடு கீழதான் போச்சு.

தரம் வேற கதை. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும்னு இந்தியத் தர அளவு சொல்லுது. சுத்துவட்டாரப் புள்ளிங்க பாதி அதுக்கு மேல. போர் போட்டதும் மாமா கடைல வாங்குன பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர விட்டுப் பாத்தாரு, 480. "நல்ல தண்ணிடா மாப்ள"ன்னாரு. அந்த மீட்டர் மொத்த உப்பத்தான் காட்டும், அதுல ஃப்ளோரைடு எவ்வளவுன்னு பிரிச்சு சொல்லாது. கழுவுன பாட்டில்ல பிடிச்சு குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்தேன், ஃப்ளோரைடு 1.9 வந்துச்சு. காய்ச்சிக் குடிக்கலாமேன்னு அத்தை கேட்டாங்க, காய்ச்சுனா தண்ணி சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும்.

இப்ப குடிக்க ஒகேனக்கல் பைப் தண்ணி, போர் தண்ணி வயலுக்கு. எந்த எடத்துல ஓட்டணும்னு மட்டும் எந்த மேப்பும் சொல்லல, தேங்காய் நின்ன எடத்துலதான் போட்டோம், தண்ணியும் வந்துச்சு, அத மாமா இன்னும் சொல்லிக்காட்டிட்டு இருக்காரு.