கேத்ரின் கிரெய்ன்ஜரின் நான்கு வெள்ளிகள்

பிரிட்டனின் துடுப்புப் படகு வீராங்கனை கேத்ரின் கிரெய்ன்ஜரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர் வென்ற நான்கு வெள்ளிகளைப் பார்த்தால்தான் அவர் எத்தகைய வீராங்கனை என்பது விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளாஸ்கோவில் 1975இல் பிறந்த அவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சென்ற பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நால்வர் படகில் முதல் வெள்ளி கிடைத்தது. ஜெர்மனி முதலிடம் பெற்றுவிட, பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே நூறில் ஒரு பங்கு நொடியே வேறுபாடு என்பதால், புகைப்படத்தைப் பார்த்துத்தான் இரண்டாமிடத்தை முடிவு செய்தார்கள். 1976இல் ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டியில் பெண்கள் பிரிவு தொடங்கியதிலிருந்து அந்த விளையாட்டில் பிரிட்டிஷ் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

2004 ஏதென்ஸில் அவர் கேத் பிஷப்புடன் இருவர் படகில் இறங்கி இரண்டாவது வெள்ளியை வென்றார். சிட்னியில் ஓட்டிய படகில் ஒவ்வொருவருக்கும் கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்புகள். ஏதென்ஸ் படகிலோ ஆளுக்கு ஒரே நீளத் துடுப்பு, ஒருவர் இடப்புறம், மற்றவர் வலப்புறம். ஒருவருடைய இழுப்பு சற்றே ஓங்கினாலும் படகு கோணிக்கொண்டு திரும்பிவிடும். இந்த இரு முறைகளிலும் உலகப் பட்டம் வென்றவர் அவர் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பிறகு வந்தது பெய்ஜிங். 2005 முதல் 2007 வரை நால்வர் படகின் உலகப் பட்டம் தொடர்ந்து பிரிட்டனிடமே இருந்தது. அவற்றுள் 2006ஆம் ஆண்டுப் பட்டம், ஊக்கமருந்துச் சோதனையில் ரஷ்ய அணி தகுதியிழந்த பின் கைக்கு வந்தது. ஆகவே 2008இல் தங்கம் ஒன்றையே குறிவைத்து நால்வரும் சென்றார்கள். துடுப்பு வலிப்பவர்கள் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பதால், முன்னணியில் இருக்கும் படகினருக்குப் போட்டியாளர்கள் அனைவரும் கண்ணெதிரே தெரிவார்கள். பின்தங்கியவர்களுக்குத்தான் முன்னே போனவர்கள் தெரிய மாட்டார்கள். 2000 மீட்டரில் பெரும்பகுதியை முன்னின்று கடந்த பிரிட்டிஷ் பெண்கள், கடைசிக் கட்டத்தில் சீனப் படகு தங்களை நெருங்கி வருவதையும், பக்கவாட்டில் ஏறி, பார்வையிலிருந்து நழுவி முன்னே போவதையும் துடுப்பை நிறுத்தாமலே பார்த்திருப்பார்கள். இந்த விளையாட்டில் இதைவிடக் கொடிய தோல்வி இருக்க முடியாது. வெள்ளியுடன் பதக்க மேடையில் அவர்கள் சிந்திய கண்ணீரை மிகை என்று எவரும் சொல்லக்கூடாது.

அடுத்த நான்காண்டுகளில் அன்னா வாட்கின்ஸுடன், ஆளுக்கு இரண்டு துடுப்புகள் கொண்ட இருவர் படகுக்கு மாறினார். 2010, 2011 உலகப் பட்டங்களை வென்ற அந்த இணை, லண்டன் தகுதிச் சுற்றில் ஒலிம்பிக் சாதனை படைத்து, டார்னி ஏரியில் நடந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவைத் தெளிவாக முந்தித் தங்கம் வென்றது.

இத்துடன் அவர் நிறுத்தியிருக்கலாம். கொலைக் குற்றங்களுக்கான தண்டனை குறித்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் செய்துவந்த ஆய்வை முடித்து 2013இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஆனால், இரண்டாண்டு ஓய்வுக்குப் பின் மீண்டும் படகேறினார். விக்டோரியா தார்ன்லியுடன் அமைந்த கூட்டணி சரிவரவில்லை என்று 2016இல் அது கலைக்கப்பட்டது. எண்மர் படகிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இறுதியில் அதே இருவரும் அதே இருவர் படகில் ரியோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள்மீது எவருக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. அங்கே நெடுந்தூரம் முன்னணியில் சென்று, கடைசியில் போலந்திடம் மட்டும் தோற்று, நாற்பது வயதில் ஐந்தாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார். அவருடைய பதக்கங்களில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், லண்டன் தங்கத்துக்கு முன்னால் இந்த ரியோ வெள்ளியைத்தான் நான் வைப்பேன்.